கடல் நின்ற மட்டம்

சென்ற கோடையில் எங்கள் வளவிலே புதிதாக ஒரு கிணறு வெட்டுவித்தேன். யாழ்ப்பாணத்துக் கிணறு வெட்டுவோர்க்கு மண்வேலை சிறிது, கல்வேலையே பெரிது. சில முழம் இறங்கியவுடன் வெண்மையும் மஞ்சளும் கலந்த சுண்ணாம்புக்கல் எதிர்ப்பட்டது. மூன்றாம் நாள் மேலே வந்த கற்களுள் ஒன்றைக் கிணறு வெட்டுபவர் என்னிடம் நீட்டினார். அதன் உடைந்த முகத்தில், விசிறிபோல வரி விரிந்த சிப்பியொன்றின் அச்சு நேற்றுப் பதித்ததுபோலத் தெளிவாக இருந்தது.

அவ்வேளை என்னிடம் பாடங் கேட்க வரும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பக்கத்தில் நின்றான். தமிழும் புவியியலும் அவனுடைய பாடங்கள். கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று வினாக்களை அடுக்கினான்.

“ஐயா, இது கடற்சிப்பியல்லவா? கடல் ஒருகாலத்தில் எங்கள் வளவுக்குள்ளே நின்றதா? நீங்கள் படிப்பித்த கடல்கோள் இதுதானா?”

முதலிரண்டு வினாக்களுக்கும் ஆம் என்றேன். மூன்றாவது வினாவிலே நா தடைப்பட்டது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். முதலிரு சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல் கொண்டதை இறையனார் களவியலுரை கூறும். இவற்றைப் படிப்பிக்கும்போதெல்லாம் பாடத்தின் முடிவிலே, “இதனை இக்கால விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது” என்னும் ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பது பல்லாண்டுகளாக என் வழக்கம். எந்த விஞ்ஞானம், எதைக்கொண்டு, எப்பொழுது ஒப்புக்கொண்டது என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. “நாளைக்குச் சொல்கிறேன், தம்பி” என்று அவனை அனுப்பினேன். அந்த நாளை வர எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அக்காலத்திற் கற்றவற்றை என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

காணாத கடல்

காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் நம் தருக்க நூலார் அளவை என்பர். இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கடலைக் கண்டவர் எவரும் இன்று இலர். ஆதலின் காண்டல் அங்கே செல்லாது. எழுத்துத் தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆதலின் உரையும் அத்துணைத் தூரம் எட்டாது. எஞ்சியிருப்பது புகை கண்டு தீயை உணரும் கருதல் ஒன்றே. ஆனால் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு மூடுபனியும் புகையாகத் தோன்றும். பண்டைக் கடல் மட்டத்தை ஆராய்ந்தவர்களின் வரலாறு, புகை எது, பனி எது என்று பிரித்தறியக் கற்றுக்கொண்ட வரலாறேயாகும்.

என் கிணற்றுக் கல்லையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் என்னும் காலத்தில் ஆழமற்ற கடலடியிலே படிந்தது. அதன் வயது ஒரு கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது. மனிதனே தோன்றாத காலம் அது. சிப்பி கடலில் வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது இன்று கடலுக்கு மேலே கிடப்பதனால், கடல் கீழே இறங்கியதா, நிலம் மேலே ஏறியதா என்பதை அந்தச் சிப்பி சொல்லாது. கடல்மட்டம் என்பது நீருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு. இரண்டில் எது அசைந்தாலும் கரையில் நிற்பவனுக்குக் காட்சி ஒன்றே.

நீர் இறங்கியதா, நிலம் ஏறியதா?

இந்த மயக்கத்தில் அகப்பட்டவர்களுள் பேரறிஞர்களும் உளர். வெப்பமானியின் அளவுமுறையால் இன்றும் நாம் பெயர் சொல்லும் அன்டர்ஸ் செல்சியஸ் அவர்களுள் ஒருவர். சுவீடன் நாட்டுக் கரையிலே கடல்நாய்கள் ஏறிப் படுத்த பாறைகள் காலப்போக்கில் அவை ஏறமுடியாதபடி நீரை விட்டு உயர்ந்துபோயிருந்தன. அதனைக் கண்ட செல்சியஸ், 1731ஆம் ஆண்டு லொவ்குருண்ட் என்னும் தீவின் பாறையொன்றில் அன்றைய நீர்மட்டத்தைக் கோடாக வெட்டுவித்தார். கடல்நீர் குறைந்து வருகிறது என்பது அவர் முடிவு. கோடு இன்றும் இருக்கிறது. நீர் அதற்கு வெகு கீழே நிற்கிறது. அளவு சரி, முடிவுதான் பிழை. அங்கே ஏறிக்கொண்டிருப்பது நிலம்.

பனியூழியில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டி வட ஐரோப்பாவை அழுத்திக் கிடந்தது. அந்தப் பாரத்தினால் நிலம் கீழே அமிழ்ந்தது. பஞ்சு மெத்தையில் இருந்தவர் எழுந்தால் மெத்தை உடனே எழும். புவியின் உட்பகுதியோ மிக மெல்ல அசையும் பாகு போன்றது. ஆதலால் பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்நிலம் எழுந்து முடியவில்லை. பொத்னியா வளைகுடாவின் கரையிற் சில பகுதிகள் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் உயர்கின்றன.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள பொசுவோலியில் உரோமர் காலத்துச் சந்தைக் கட்டடம் ஒன்றின் மூன்று சலவைக்கற்றூண்கள் நிற்கின்றன. அடியிலிருந்து ஏறத்தாழ 12 அடிவரை அவை வழுவழுப்பாக உள்ளன. அதற்குமேல் 9 அடி உயரத்திற்குக் கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பிகள் இட்ட துளைகள் நிறைந்திருக்கின்றன. உரோமர் தரையில் நாட்டிய தூண் கடலுக்குள் ஆழ்ந்து, மீண்டும் கரையேறியிருக்கிறது. எரிமலைப் பிரதேசமாகிய அவ்விடத்தில் நிலமே தாழ்ந்து உயர்ந்தது. 1830ஆம் ஆண்டு வெளியான தமது புவிச்சரித நூலின் முகப்பிலே சாள்ஸ் லயல் அத்தூண்களின் படத்தையே அச்சிட்டார்.

ஆகவே கடல்மட்டத்துக்குச் சாட்சி சொல்ல வரும் எப்பொருளையும் மூன்று வினாக்களால் விசாரித்தல் வேண்டும். நீ வாழ்ந்த காலத்தில் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாய்? அது எத்தனை ஆண்டுகளுக்கு முன்? அன்றுதொட்டு இன்றுவரை நீ நின்ற நிலம் எவ்வளவு அசைந்தது? மூன்றுக்கும் விடை கூறாத சாட்சி பாதிச் சாட்சியே.

முருகைக்கல்லின் வாக்குமூலம்

இம்மூன்றுக்கும் விடை கூறிய சாட்சிகளுள் புகழ் பெற்றது மேற்கிந்தியத் தீவாகிய பாபடோஸின் முருகைக்கல். முருகையின் உடலுக்குள்ளே நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. பாசிக்கு ஒளி வேண்டும்; ஆதலின் அதனோடு வாழும் முருகைக்கும் ஒளி வேண்டும். அவற்றுள்ளும் அக்குரோப்போரா பல்மாற்றா என்னும் இனம் பெரும்பாலும் நீர்ப்பரப்பிலிருந்து ஐந்து மீற்றர் ஆழத்திற்குள்ளேயே செழித்து வளரும். இறந்த பின்னும் அதன் கல்லுடல் வளர்ந்த இடத்திலேயே நிற்கும். கடல் உயர உயர, பழைய முருகை இருளில் மூழ்கி இறக்கும். புதியது கரையோரமாக மேலே வளரும். இவ்வாறு கடல் தான் ஏறிவந்த படிகளைத் தன்னுள்ளேயே விட்டுச் செல்கிறது.

அமெரிக்கக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த றிச்சட் பெயர்பாங்க்ஸ் என்பாரும் அவர் துணைவரும் 1988ஆம் ஆண்டு பாபடோஸின் தென்கரைக்கு அப்பால், கப்பலிலிருந்து கடலடியைத் துளைத்து, அந்தக் கல்லைத் தண்டு தண்டாக மேலே எடுத்தனர். அலையில் உருண்டு வந்த துண்டா, வளர்ந்த நிலையிலேயே நிற்பதா என்று ஒவ்வொன்றையும் பார்த்தனர். பாபடோஸ் மெல்ல உயர்ந்துவரும் தீவு. அதன் மேட்டிலே ஏறி நிற்கும் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுப் பழமையுள்ள முருகைப்படியைக் கொண்டு, ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 34 சதமமீற்றர் உயர்வு எனக் கணித்து, அதனையும் கழித்தனர். 1989இல் வெளியான அவர்களது முடிபு, பனியூழியின் உச்சத்திற் கடல் இன்றைய மட்டத்திற்கு ஏறத்தாழ 120 மீற்றர் கீழே நின்றது என்பதாகும்.

நானூறு அடி! கீரிமலைக் கரையில் நின்று அந்த ஆழத்தை எண்ணிப் பார்த்தேன். பாக்குநீரிணையில் அவ்வளவு ஆழமே இல்லை. அன்று அந்நீரிணை முழுவதும் தரை. இலங்கையும் தமிழ்நாடும் ஒரே நிலம்.

கடிகாரத்தின் பிழை

ஆனால் விசாரணை அங்கே முடியவில்லை. அம்முருகைகளின் வயதை முதலில் கதிர்வீச்சுக் காபன் முறையினால் அளந்தனர். உயிர்ப்பொருளிலுள்ள அந்தக் காபன் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் வயது தெரியும். இக்கணக்கு, வளிமண்டலத்தில் அக்காபனின் அளவு என்றும் ஒருபடித்தாக இருந்தது என்று கொள்கிறது. அஃது உண்மையா?

முருகைக்குள்ளே இன்னொரு கடிகாரமும் உண்டு. கடல்நீரில் யுரேனியம் கரையும். தோரியம் கரைவது அரிது. ஆதலால் உயிருள்ள முருகை தன் கல்லிலே யுரேனியத்தைச் சேர்க்கும். தோரியம் அதில் இராது. பின்னர் யுரேனியம் சிதையச் சிதைய, அறிந்ததொரு வேகத்தில் தோரியம் உள்ளே பெருகும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த எடுவாட் பார் என்பாரும் துணைவரும் அதே பாபடோஸ் முருகைகளை இம்முறையால் அளந்து 1990இல் வெளியிட்டனர். இரு கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை. இருபதினாயிரம் ஆண்டளவிலே காபன் கடிகாரம் ஏறத்தாழ 3,500 ஆண்டு குறைத்துக் காட்டியது. அக்காலத்திற் புவியின் காந்தப்புலம் வலுக்குன்றியிருந்தமையால் வளிமண்டலத்திற் கதிர்வீச்சுக் காபன் மிகுதியாக உண்டாயிற்று என்பது இதற்கொரு காரணம்.

இதனைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்றுநேரம் இருந்தேன். ஒரே கல்லை இரு கடிகாரங்களுக்குக் காட்டித் தம் கணக்கின் குறையைத் தாமே ஊருக்கு அறிவித்தவர்கள் அவர்கள். நானோ விசாரிக்காத ஒரு வாக்கியத்தை ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளில் எழுதுவித்தவன்.

தூரத்துச் சாட்சிகள்

ஒரு தீவின் சொல்லை மட்டும் நம்பாது, அதனோடு தொடர்பில்லாத சாட்சிகளையும் அழைப்பது இவ்வாராய்ச்சியின் மரபு. ஆழ்கடற் சேற்றிலே போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து கிடக்கின்றன. அவ்வோடுகளில் ஒட்சிசன் உண்டு. ஒட்சிசனில் இலேசானதும் பாரமானதுமாகிய சமதானிகள் உள. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான ஒட்சிசனைக் கொண்ட நீர் எளிதில் எழும். அது பனியாகப் பெய்து தரையிலே உறைந்துவிட்டாற் கடலிற் பாரமானதன் விகிதம் கூடும். ஓடுகளிலும் அது பதியும். 1955இல் சேசரே எமிலியானி இவ்வோடுகளைப் பெரும்பாலும் பண்டைக் கடலின் வெப்பத்தைச் சொல்லும் சாட்சிகளாகப் படித்தார். 1967இல் நிக்கலஸ் சக்கிள்டன், அவை முதன்மையாகச் சொல்வது தரையில் உறைந்திருந்த பனியின் அளவை என எடுத்துக்காட்டினார். தரையிற் பனி கூடினாற் கடலில் நீர் குறையும். ஆழ்கடற் சேறும் முருகைக்கல்லும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே ஏற்ற இறக்கத்தைச் சொல்கின்றன.

பசுபிக் சமுத்திரத்தில் உள்ள தாகித்தித் தீவிலே 2005இற் கடலடி துளைக்கப்பட்டது. பாபடோஸ் எழும் தீவு. தாகித்தியோ மெல்லத் தாழும் தீவு. அந்த முருகைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிபு அச்சந் தருவது. ஏறத்தாழ 14,600 ஆண்டுகளுக்கு முன்னர், 350 ஆண்டுக்கும் குறைந்த காலத்திற் கடல் 14 முதல் 18 மீற்றர் வரை உயர்ந்தது. நூறு ஆண்டுக்கு நான்கு மீற்றர்! அக்காலத்துக் கரையோர மனிதன் தன் பாட்டனார் வலை உலர்த்திய மணலைக் கண்டிருக்க மாட்டான்.

நூலும் சான்றாகும்

இவ்வளவிலே தமிழாசிரியனாகிய எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. கல்லும் சேறும் சாட்சியாகலாம், நூல் சாட்சியாகாதோ? ஆகும் என்பதற்கும் உதாரணம் கிடைத்தது. இத்தாலியின் மேற்குக் கரையிலே உரோமச் செல்வர்கள் கடலோரப் பாறையை வெட்டி மீன்குளங்கள் அமைத்திருந்தனர். கடல்நீர் வற்றுப்பெருக்கோடு உட்புகுந்து வெளியேறவும், மீன் தப்பிப்போகாதிருக்கவும் வாய்க்கால்களும் மடைகளும் இருந்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்பவர் தமது வேளாண்மை நூலிலே இத்தகைய குளங்களை அமைக்கும் முறையைக் கூறியிருக்கிறார். நூல் சொல்லும் முறையையும் இன்று நீருக்குள் நிற்கும் மடையின் உயரத்தையும் ஒப்பிட்டால் அன்றைய நீர்மட்டம் புலப்படும். 2004இல் வெளியான ஆய்வொன்று, அங்கே கடல் 2,000 ஆண்டுகளில் ஏறத்தாழ 1.35 மீற்றர் உயர்ந்தது எனவும், அதிற் பெரும்பகுதி நிலத்தின் அசைவினால் ஆனது எனவும் கணித்தது. அத்தனை உயர்வு இல்லை என்று பின்வந்தோர் சிலர் வாதித்தனர். கணக்கு எதுவாயினும், அந்த நூல் சாட்சிக்கூண்டில் ஏறத் தகுதி பெற்றது. எதைக் கட்டினர், எங்கே கட்டினர், நீர் எதுவரை வரவேண்டும் என்பவற்றை அது சொல்லியிருந்தமையே காரணம்.

மூன்றாவது வினா

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம்.

கடல் 120 மீற்றர் தாழ்ந்து நின்றபோது குமரிமுனைக்குத் தெற்கேயும் கடல்மேடை வெளிப்பட்டுத் தரையாக இருந்தது. அத்தரை பின்னர் மூழ்கியது. பாக்குநீரிணை ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் இறுதியாக நீரால் நிறைந்து, இலங்கையைத் தீவாக்கியது. இவ்வளவும் கருதல் அளவையால் நிறுவப்பட்டவை. ஆனால் அடியார்க்குநல்லார் உரை கூறும் எழுநூற்றுக் காவத நிலத்துக்கு அங்கே இடமில்லை. கடல்மேடை முடிந்ததும் கடலடி ஆயிரக்கணக்கான மீற்றர் சரிந்து இறங்குகிறது. 1864இல் பிலிப் சிலேற்றர் என்னும் விலங்கியலாளர், மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் ஒற்றுமைக்குக் காரணங் கூற லெமூரியா என ஒரு கண்டத்தைக் கற்பித்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது 20ஆம் நூற்றாண்டிற் தெளிவானபின் அக்கற்பனைக்குத் தேவையில்லாது போயிற்று. காலமும் பொருந்தவில்லை. பனி உருகிக் கடல் ஏறிய பெருநிகழ்ச்சி பெரும்பாலும் 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்டது. சங்கநூல்களுக்கும் அதற்கும் இடையே ஐயாயிரம் ஆண்டுத் தூரம்.

கடல் ஏறிய பின்னும் எங்கும் ஒரேபடியாக நிற்கவில்லை. இலங்கையின் தென்மேற்குக் கரையில், இக்கடுவைக்கும் அக்குறளைக்கும் அண்மையிலே, கடலை விட்டு உள்ளே தரையில் முருகைக்கற் படிவுகள் கிடக்கின்றன. சுண்ணாம்பு சுடுவதற்காக அவற்றைத் தோண்டியெடுத்தனர். அவற்றுட் பல ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழமையுடையன. அன்று அங்கே கடல் இன்றைய மட்டத்தினும் ஒரு மீற்றரளவு உயர்ந்து நின்றது. பின்னர், பனிப்பாரம் நீங்கிய வடபுலத்தைச் சூழ்ந்த கடலடி தாழ, அப்பள்ளத்தை நிரப்ப வெப்பவலயத்து நீர் சென்றது. நம் கரையிற் கடல் சற்றே இறங்கியது. ஆகவே கடைசி ஆறாயிரம் ஆண்டுகளில் நம் கரை கண்டது முதன்மையாக இறக்கமேயன்றி ஏற்றமன்று.

இவற்றைச் சொல்லி முடித்தபோது மாணவனின் முகம் வாடியிருந்தது.

“அப்படியானால் எங்கள் புலவர்கள் பொய் சொன்னார்களா, ஐயா?”

“2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி முல்லைத்தீவிலே நடந்தது கடல்கோள் அல்லவா?” என்று கேட்டேன். அந்த ஆழிப்பேரலை ஒரு காலைப்பொழுதில் வந்து போயிற்று. கடல்மட்டம் ஏறவில்லை, ஊர் போயிற்று. கடல் ஊரைக் கொள்வதற்கு வழிகள் பல. பண்டைப் புலவர் நினைவிலே நின்றது எது என்பதை அவர் பாட்டு நமக்கு அளந்து சொல்லவில்லை. அளவு சொல்வது அவர் நோக்கமும் அன்று. இழந்த நிலத்தின் துயரை அவர் சொன்னார். அதற்கு முருகைக்கல்லின் அத்தாட்சி வேண்டியதில்லை. அத்தாட்சி இருப்பதாக நான் சொன்னதுதான் பிழை.

அவன் சிறிதுநேரம் கிணற்றுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். நீர் தெளிந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நன்னீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. அது கடல்மட்டத்தை ஒட்டியே நிற்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சதமமீற்றர் உயர்ந்தது. 2006க்குப் பின்னர் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீற்றர் வேகத்தில் உயர்ந்து வந்ததாக 2021ஆம் ஆண்டின் உலக அறிக்கை கூறுகிறது. உலகம் இன்றைப்போலச் சற்றே வெப்பமுற்றிருந்த 1,25,000 ஆண்டுகளுக்கு முந்திய காலத்திற் கடல் இன்றைய மட்டத்திற்கு 5 முதல் 10 மீற்றர் வரை மேலே நின்றது. தீவகத்தில் அவ்வளவு உயரமான தரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். புவியியல் மாணவனாதலால் அவன் விடை சொல்லவில்லை. கையிலிருந்த கல்லைக் கிணற்றுக் கட்டிலே மெல்ல வைத்தான்.

இவ்வாண்டும் கடல்கோட் பாடம் வரும். இறுதி வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அவ்விடத்தில் அந்தக் கல்லை மேசைமேல் வைத்து, மூன்று வினாக்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளையே விசாரிக்கச் சொல்லப்போகிறேன்.